ஹைட்ரா – ஒருநாள் பயணிகளின் துறைமுகம்

ஹைட்ரா, கிரேக்க நாட்டின் சரோனிக் தீவுகளில் ஒன்று. பெலப்பனீஸ் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை ஒட்டியிருக்கிறது. தீவுக்கும் அதன் ஒரே நகருக்கும் ஒரே பெயர்தான். உள்ளூர்க்காரர்கள் ‘ஈத்ரா’ என்று உச்சரிப்பார்கள். பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர். சுமார் 2,000 பேர் வாழ்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் துறைமுகத்தைச் சுற்றியே குடியிருக்கிறார்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து அதிவேகப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் கோடைக்காலத்தில் இங்கே நிரம்பி வழிவதற்கு இந்தத் தொலைவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், தீவில் வண்டிகள் இல்லாதது. குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றைத் தவிர மோட்டார் வாகனம் எதற்கும் அனுமதி கிடையாது. வழக்கொழியாத பழமை என்று பலர் இதை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது சட்டம் போட்டுக் காப்பாற்றப்படும் ஏற்பாடு. படகிலிருந்து இறங்கும் பயணப்பெட்டி, சிமெண்டு மூட்டை, குளிர்சாதனப் பெட்டி எல்லாமே கோவேறு கழுதையின் முதுகில்தான் படிக்கட்டுச் சந்துகளில் ஏறும். கரையில் வரிசையாக நிற்கும் விலங்குகள் பயணிகளுக்குப் படம் எடுக்கத் தோதான காட்சி, ஊருக்கோ அவைதான் சரக்கு லாரி.

நகரம் குதிரை லாட வடிவிலான விரிகுடாவைச் சுற்றி, அரைவட்ட அரங்கின் படிகளைப் போல மலைச்சரிவில் ஏறிச்செல்கிறது. சாம்பல் நிறக் கல் மாளிகைகள் வெள்ளை வீடுகளுக்கு மேலே தலைதூக்கி நிற்கும். துறைமுக வாயிலின் இரு பக்கமும் பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்திருக்கின்றன. இந்தச் செல்வம் மண்ணில் விளைந்ததல்ல. தீவில் பயிரிட நிலமே அரிது. நெப்போலியன் காலப் போர்களில் பிரிட்டிஷ் முற்றுகையை மீறித் தானியம் ஏற்றிச்சென்ற கப்பல்கள் கொண்டுவந்த பணம் அது. ஆல்பேனிய மொழியின் கிளையான அர்வானித்திக்கா பேசிய குடியேறிகளின் வழித்தோன்றல்களே அந்த மாலுமிகளில் பெரும்பாலோர்.

1821-இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்க விடுதலைப் போர் மூண்டபோது அந்த வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களாயின. கடற்படையை நடத்திய அந்திரேயாஸ் மியவூலிஸ் ஹைட்ராவோடு பிரிக்க முடியாத பெயர். அவருடைய இதயம் இன்றும் துறைமுகத்தருகே உள்ள வரலாற்று ஆவணக் காப்பக அருங்காட்சியகத்தில் ஒரு பேழைக்குள் இருக்கிறது. கப்பல் முதலாளி லாசரோஸ் கூந்தூரியோத்திஸ் தன் செல்வத்தின் பெரும்பகுதியைப் போருக்குக் கொடுத்தார். மேற்குச் சரிவில் உள்ள அவருடைய மாளிகையும் இப்போது அருங்காட்சியகம்தான். அன்று இன்றையதைப் போலப் பல மடங்கு மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். நாடு விடுதலை பெற்றது, ஊர் நொடித்துப்போனது. பாய்மரம் போய் நீராவி வந்ததும் வாணிபம் கைநழுவ, மிஞ்சியவர்களில் பலர் கடற்பஞ்சு எடுக்க மூழ்கினார்கள்.

வறுமையே வெளிநாட்டு எழுத்தாளர்களை இங்கே இழுத்தது என்றால் தவறில்லை. வீடு மலிவு, வாழ்க்கைச் செலவு அதைவிட மலிவு. ஆஸ்திரேலிய எழுத்தாளத் தம்பதி ஜார்ஜ் ஜான்ஸ்டனும் சார்மியன் கிளிஃப்டும் 1955-இல் குடியேறினர். கனடியக் கவிஞரும் பாடகருமான லெனர்ட் கோஹன் 1960-இல் 1,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். அவருடைய பாடல் ஒன்றின் தலைப்பில் வரும் ‘கம்பிமேல் பறவை’, ஊருக்குப் புதிதாக வந்த தொலைபேசிக் கம்பியில் உட்கார்ந்த பறவைதான். இடையில் 1957-இல் வெளிவந்த, சோஃபியா லோரன் நடித்த ‘டால்பின்மேல் சிறுவன்’ படம் இந்தத் துறைமுகத்தை உலகத் திரையரங்குகளுக்குக் காட்டிவிட்டது. மலிவு அதோடு விடைபெற்றது.

ஒருநாள் பயணம் இருவகை. ஈஜினா, போரஸ், ஹைட்ரா மூன்றையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் உல்லாசக் கப்பல் ஒன்று. அதில் வருபவருக்கு இங்கே கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்குள்தான். காப்பிக் கடை, நகைக்கடை, ஒரு புகைப்படம் என்று அது கரைந்துவிடும். மூன்று தீவைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, எதையும் பார்த்ததாகாது. வழக்கமான பயணிகள் படகில் தனியாக வருவது மேல். அப்படி வந்தால் மணிக்கூண்டுள்ள பழைய மடாலய முற்றத்தில் சிறிது அமரலாம்; கடலோரப் பாதையில் மேற்கே கால் மணி நேரம் நடந்து காமினி என்னும் மீனவத் துறையை அடையலாம்; பாறையிலிருந்து நேரே கடலில் குதித்து நீந்தலாம். மணற்கடற்கரையை எதிர்பார்த்து வருபவர்தான் ஏமாந்துபோவார். திரும்பும்போது வாதுமையில் செய்த ‘அமிக்தலோத்தா’ வாங்கிப் போவது வழக்கம்.

நீரைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது தீவின் பெயர். ஒருகாலத்தில் ஊற்றுகள் இருந்தனவாம். பிற்காலத்தில் வீட்டுக்கு அடியில் தொட்டி கட்டி மழைநீரைச் சேர்த்தார்கள். பின்னர் குடிநீரும் கப்பலில் வந்தது. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. கோடையில் பகல்நேரக் கூட்டம் பெருகும்போது அதன் அருமை தெரியும்.

ஆகஸ்டில் ‘மெல்தெமி’ என்னும் வடக்குக் காற்று வலுத்தால் அதிவேகப் படகுகள் நிறுத்தப்படும். பகலோடு திரும்ப நினைத்தவர் இரவு தங்க அறை தேட வேண்டிவரும். ஆண்டுதோறும் ஜூன் பிற்பகுதியில் நடக்கும் ‘மியவூலியா’ விழாவுக்கோ, தங்குவதாகத் திட்டமிட்டே வர வேண்டும். துறைமுக நடுவே ஒரு மாதிரிக் கப்பலுக்குத் தீ வைத்து அன்றைய கடற்போரை நினைவுகூர்வது, மாலைப் படகு பயணிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, நன்றாக இருட்டியபின்தான்.