மலையில் மறக்கப்பட்டவர்கள்



அஜ்மானில் வாழும் நம் இளைஞர்கள் சிலர், வெயில் தணிந்ததும் வார விடுமுறையில் மலையேறச் செல்வதுண்டு. கடந்த அக்டோபர் இறுதியில் என்னையும் அழைத்தார்கள். "ஃபாதர், நாலாயிரம் ஆண்டுப் பழைய செம்புச் சுரங்கம்" என்று ஆசை காட்டியதும், முழங்கால் வலியை மறந்து வண்டியில் ஏறிவிட்டேன்.

மலீஹா வழியாகக் கல்பாவுக்குச் செல்லும் சாலையில், ஹஜர் மலைகளுக்கு நடுவே 'வாதி அல் ஹீலோ' என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 'இனிய பள்ளத்தாக்கு' என்று பொருள். நல்ல தண்ணீர் கிடைத்ததால் வந்த பெயர். ஷார்ஜா தொல்லியல் துறையினரும் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக அறிஞர்களும் இங்கே அகழ்ந்து, கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டில் செம்பு உருக்கிய பட்டறையைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

சுரங்கம் என்றதும் மலையைக் குடைந்த நீண்ட குகையை எதிர்பார்த்துச் சென்றேன். அப்படி எதுவும் இல்லை. இம்மலைகளின் மிகப் பழைய சுரங்கங்கள் பெரும்பாலும் ஆழமற்ற குழிகளும் வெட்டுகளும்தாம். பாறையில் பச்சை நிறக் கோடு தெரிந்தால் அது செம்புத் தாது. அந்தக் கோடு போகும் திசையில் வெட்டிக்கொண்டே போவார்கள். கோடு முடிந்தால் குழியும் முடிந்துவிடும். நாங்கள் பார்த்த குழிகளில் பாதிக்குமேல் மண் நிரம்பியிருந்தது. (செல்ல விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் குழிக்குள்ளும் இறங்காதீர்கள், மழைக் குறி தெரிந்தால் பள்ளத்தாக்கில் நிற்காதீர்கள், ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள்.) காலடியில் கண்ணாடிபோல் மின்னும் கறுப்புக் கற்களும் கிடந்தன. அவை கற்களல்ல, உலையிலிருந்து வழிந்த கிட்டம்.

செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். களிமண் உலையில் உடைத்த தாதுவையும் கரியையும் இட்டு, துருத்தியால் இடைவிடாமல் ஊத வேண்டும். அந்தக் கரிக்காக இந்நிலத்தின் மரங்கள் வெட்டப்பட்டன. அமீரகத்தின் தேசிய மரமாகிய 'காஃப்' நம் ஊர் வன்னி மரமே என்பதைப் பலர் அறியார். ஒரு பாளம் செம்புக்குப் பின்னால் எத்தனை மரங்கள், எத்தனை நாள் உழைப்பு, துருத்தி மிதித்தவர்களின் நெஞ்சுக்குள் எவ்வளவு புகை!

அந்தச் செம்பு எங்கே போயிற்று? இன்றைய அமீரகமும் ஓமனும் சேர்ந்த இந்த நிலத்தைச் சுமேரியர் 'மாகான்' என்றனர். பஹ்ரைன் அவர்களுக்குத் 'தில்முன்'. சிந்துவெளி நாடு 'மெலுகா' என்பது பல அறிஞரின் கருத்து. இம்மூன்று நாட்டுக் கப்பல்களும் தன் துறையில் வந்து நின்றதாக அக்காது மன்னன் சார்கோன் பெருமை பேசுகிறான். அஜ்மானுக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள தெல் அப்ராக் மேட்டில் சிந்துவெளி எடைக்கற்கள் கிடைத்திருக்கின்றன. வளைகுடாவுக்கு நம்மவர் வந்தது எண்ணெய் கிடைத்த பிறகுதான் என்று எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

செம்பு சென்று சேர்ந்த இடங்களுள் ஒன்று, ஆபிரகாமின் குடும்பம் புறப்பட்டதாகத் தொடக்கநூல் கூறும் 'ஊர்' நகரம். அங்கே கிடைத்த களிமண் பலகைகள், கி.மு. 2000க்குச் சற்று முன்பு லூ-என்லில்லா என்னும் வணிகர் நிலாக் கடவுளின் கோயில் கருவூலத்திலிருந்து ஆடை, கம்பளி, எண்ணெய் ஆகியவற்றைப் பெற்று, மாகான் செம்பு வாங்கக் கடலில் சென்றதைக் கணக்கு எழுதிவைத்திருக்கின்றன. ஏறத்தாழ கி.மு. 1750ஐச் சேர்ந்த இன்னொரு பலகை லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரமற்ற செம்புப் பாளங்களைக் காட்டியதற்காகவும், தன் தூதரை அவமதித்ததற்காகவும் நன்னி என்பவர் ஈயா-நாசிர் என்ற வணிகர்மீது பொங்கி எழுதிய கடிதம் அது. உலகின் மிகப் பழைய வாடிக்கையாளர் புகார் என்று இன்று இணையமெங்கும் அதை வைத்து நகைக்கிறார்கள். நானும் நகைத்தவன்தான்.

அந்தக் குழிகளருகே நின்றபோது நகைக்க முடியவில்லை. விற்றவர் பெயர் தெரிகிறது. வாங்கியவர் பெயர் தெரிகிறது. தூதருக்கு நேர்ந்த அவமதிப்புகூடப் பதிவாகியிருக்கிறது. இந்தப் பாறையை வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை.

இங்கே ஓர் அறிக்கையிடுதலும் செய்ய வேண்டும். யோபு நூலின் 28ஆம் அதிகாரம் ஞானத்தைப் பற்றியது என்று குருமடத்தில் படித்தேன். பல ஆண்டுகள் அப்படியே மறையுரையும் ஆற்றினேன். முதல் பதினொரு வசனங்களும் சுரங்கத்தைப் பற்றியவை. தாதுக் கல்லிலிருந்து செம்பு உருக்குவதும், மக்கள் வாழும் இடத்துக்கு அப்பால் வழிப்போக்கரால் மறக்கப்பட்ட மனிதர் கயிற்றில் தொங்கி ஊசலாடுவதும் அங்கே வருகின்றன. அதை வெறும் முன்னுரையென்று தாண்டிச் சென்றுவிட்டேன். நூலாசிரியர் தாண்டவில்லை, அத்தொழிலை அருகிருந்து பார்த்தவர்போல் எழுதியிருக்கிறார்.

எங்களுடன் வந்த இளைஞர்களில் ஒருவர் அஜ்மானில் குழாய் வேலை செய்பவர், கோலார் தங்கவயல்காரர். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு சிறு கல்லால் பாறையைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஏன் என்றேன். "தாத்தா சொல்லிக்கொடுத்தது, ஃபாதர். சத்தம் பொத்தலாக வந்தால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது."

கோலாரின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, பின்னர் அரசிடம் வந்து, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அடியில் பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். வெட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்; அவர்களிலும் பெரும்பாலோர் தலித் மக்கள். எடுக்கப்பட்ட தங்கம் ஏறத்தாழ 800 டன். பாறைத் தூசி நுரையீரலை அரிக்கும் நோய் எத்தனை பேரைக் கொன்றது என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் எடை போட்டு வைக்கவில்லை. அந்த இளைஞரின் தாத்தாவும் இருமி இருமியே இறந்தார். வீட்டில் மிஞ்சியிருப்பது அவரது பித்தளை டோக்கன் ஒன்றுதான் என்றார். அதில் எண் மட்டும் இருக்கிறதாம்.

திரும்பி வந்த மறுவாரம் அவரை அஜ்மான் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1986இல், நகருக்குள் இருக்கும் மொவைஹாத் பகுதியில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது, வட்ட வடிவக் கல்லறை ஒன்று வெளிப்பட்டது. குறுக்களவு ஏறத்தாழ எட்டு மீட்டர். ஹீலோவில் உலை எரிந்த அதே காலத்தது. இக்காலக் கல்லறைகளில் தனித்தனிக் குழிகள் கிடையாது; தலைமுறை தலைமுறையாக ஊரார் அனைவரையும் ஒன்றாகவே வைத்தார்கள். அங்கிருந்து எடுத்த பானைகளையும் மணிகளையும் அருங்காட்சியகத்தில் காணலாம். "குழாய் போட வந்தவர்கள்தானே கண்டுபிடித்தார்கள்!" என்று அந்த இளைஞர் மகிழ்ந்துகொண்டார். அவர்களின் பெயரும் அங்கே இல்லை.

நவம்பர் 2, இறந்தோர் அனைவரின் நினைவு நாளுக்காக, வழக்கம்போல் இறந்தோரின் பெயர்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். அவர் தந்த தாளில் முதல் வரியில் தாத்தாவின் பெயர். பக்கத்தில் டோக்கன் எண். இரண்டாம் வரியில், 'ஹீலோவில் செம்பு வெட்டியவர்கள், பெயர் தெரியாது' என்று எழுதியிருந்தார். எண்ணையும் சேர்த்தே இரண்டு வரிகளையும் திருப்பலியில் வாசித்தேன்.