அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சி

அறிவியல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சி என்பது பள்ளிகளில் ஏற்கனவே பணியாற்றிவரும் அறிவியல் ஆசிரியர்கள் தம் பாட அறிவையும் செய்முறைத் திறனையும் கற்பிக்கும் முறையையும் புதுப்பித்துக்கொள்வதற்காக நடத்தப்படும் பயிற்சி ஆகும். ஆசிரியர் பணியில் சேருமுன் பெறும் கல்வியியல் படிப்பு பணிமுன் பயிற்சி எனப்படும். பணியிடைப் பயிற்சி பெரும்பாலும் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கும் பயிற்சிப் பட்டறைகளாக நடைபெறுகிறது. இலங்கைத் தமிழில் இது சேவைக்காலப் பயிற்சி எனவும், பட்டறை செயலமர்வு எனவும் அழைக்கப்படுகின்றன.

இக்கட்டுரை இத்தகைய பயிற்சியின் வரலாற்றையும், இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் அது நடைபெறும் முறையையும், ஜவ்வாது மலை போன்ற மலைப்பகுதிகளில் அதற்குள்ள வாய்ப்புகளையும் விளக்குகிறது.

தேவை

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் ஒரே பாடமாக உள்ளது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் பட்டம் பெற்ற ஆசிரியர் மற்றப் பிரிவுகளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டியுள்ளது. வேதியியல் பட்டதாரி ஒருவர் மரபியலையும் ஒளியியலையும் நடத்துவது வழக்கமானதே.

மேலும், ஓர் ஆசிரியரின் பணிக்காலம் முப்பது ஆண்டுகள் வரை நீள்வதுண்டு. அக்காலத்திற்குள் பாடநூல்களும் அறிவியலும் மாறிவிடுகின்றன. 1990களில் பட்டம் பெற்ற ஆசிரியர் கோள்கள் ஒன்பது எனப் படித்தவர். 2006 ஆம் ஆண்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியபின் அவர் எட்டு எனக் கற்பிக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டு மே மாதம் முதல் கிலோகிராம் என்னும் அலகு உலோக உருளை ஒன்றைக் கொண்டு அல்லாமல் பிளாங்கு மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. இத்தகைய மாற்றங்களையும், மாற்றத்திற்கான காரணங்களையும் அறிவதற்குப் பணியிடைப் பயிற்சி தேவைப்படுகிறது.

வரலாறு

தொடக்கம்

அறிவியல் ஆசிரியர்களுக்கான பட்டறைகள் பெருமளவில் தோன்றியது 1950களில் ஆகும். அமெரிக்காவில் தேசிய அறிவியல் நிறுவனத்தின் உதவியுடன் பல்கலைக்கழகங்களில் கோடைக்காலப் பயிற்சிகள் நடைபெற்றன. 1956 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் இயற்பியல் பாடத்தைச் சீரமைக்கும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டில் சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியபின் இம்முயற்சிகளுக்கான நிதி பெருமளவு கூடியது. புதிய பாடநூல் மட்டும் போதாது, அதை நடத்தும் ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து இக்காலத்தில் வலுப்பெற்றது.

இந்தியாவில் கோடைப் பயிலரங்குகள்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 1961 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1963 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, இக்குழு, அமெரிக்க உதவி நிறுவனம் ஆகியன இணைந்து அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான கோடைப் பயிலரங்குகளைத் தொடங்கின. இவற்றில் அமெரிக்காவில் உருவான புதிய பாடப்பொருள்கள் அறிமுகம் செய்யப்பட்டன. ஆசிரியர்களின் பாட அறிவு வளர இவை உதவின. எனினும், ஆசிரியர் திரும்பிச் செல்லும் பள்ளியில் பழைய பாடத்திட்டமும் பழைய தேர்வுமே இருந்தமையால், கற்றதை வகுப்பில் பயன்படுத்தும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது.

1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, ஒவ்வோர் ஆசிரியரும் ஐந்தாண்டுப் பணிக்காலத்தில் குறைந்தது இரண்டு அல்லது மூன்று மாதங்கள் பணியிடைக் கல்வி பெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

ஓசங்காபாத் திட்டம்

இந்தியாவில் அறிவியல் ஆசிரியர் பயிற்சிக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கருதப்படுவது ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஆகும். இது 1972 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்தில் (2022 முதல் நர்மதாபுரம்) 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. கிசோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு தன்னார்வ அமைப்புகள் மாநில அரசின் இசைவுடன் இதனை நடத்தின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், தில்லிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்த அறிவியலாளர்கள் இதில் பங்கேற்றனர். 1978 ஆம் ஆண்டில் மாவட்டம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டில் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பின்னர் இதன் பொறுப்பை ஏற்றது.

இத்திட்டம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குரியது. எனினும் இதன் பயிற்சிமுறை உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பொருந்தும். அதன் கூறுகள் பின்வருமாறு:

- ஆசிரியர்கள் சொற்பொழிவு கேட்கவில்லை. மாணவர்கள் வகுப்பில் செய்யவிருக்கும் சோதனைகளை அவர்களைப் போலவே நால்வர் கொண்ட குழுக்களாக அமர்ந்து தாமே செய்தனர்.
- குழுக்களின் முடிவுகள் கரும்பலகையில் எழுதப்பட்டு, அவை ஏன் வேறுபடுகின்றன என்பது விவாதிக்கப்பட்டது.
- பயிற்சி ஒருமுறையுடன் முடியவில்லை. ஏறத்தாழ மூன்று வாரப் பயிற்சி அடுத்தடுத்த ஆண்டுகளில் தொடர்ந்தது.
- ஆண்டு முழுவதும் மாதக் கூட்டங்கள் நடைபெற்றன. பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு நேரில் சென்று வகுப்புகளைப் பார்த்தனர்.
- ஆசிரியர்கள் கூறிய குறைகளின் அடிப்படையில் "பால் வைக்ஞானிக்" எனும் பயிற்சிநூல் திருத்தப்பட்டது.
- தேர்வு முறையும் மாற்றப்பட்டது. மாணவர்கள் நூலைப் பார்த்து எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

திறன்மிக்க ஆசிரியர்கள் பின்னாளில் தாமே பயிற்றுநர்களாக ஆயினர். எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைக்காக அறியப்படும் அரவிந்த் குப்தா 1978 ஆம் ஆண்டில் இத்திட்டத்தில் பங்கேற்றவர். தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாயையும் இணைத்து அவர் உருவாக்கிய மாதிரிகள் இங்கேயே தோன்றின.

மாநில அரசு 2002 ஆம் ஆண்டில் இத்திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டுகள் நடைபெற்ற ஒரு முயற்சி ஓர் அரசாணையால் முடிவுக்கு வந்தது, இத்தகைய பயிற்சிகள் நிர்வாக ஆதரவை எந்த அளவு சார்ந்துள்ளன என்பதைக் காட்டுகிறது.

தேசியக் கொள்கைகள்

1986 ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை பணிமுன் பயிற்சியையும் பணியிடைப் பயிற்சியையும் பிரிக்க முடியாத ஒரே தொடர்ச்சியாகக் கொண்டது. அதன் விளைவாக மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் சில நாள் பயிற்சிக்கு நிதி ஒதுக்கப்பட்டது. இது 2018 ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டில் நிஷ்தா எனும் நாடளாவிய பயிற்சி தொடங்கியது. கொரோனா பெருந்தொற்றின்போது இது இணையவழிக்கு மாறியது. 2020 ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரமேனும் தொடர் பணி மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மாநில அளவில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பயிற்சிகளைத் திட்டமிடுகிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும், ஒன்றிய அளவில் வட்டார வள மையங்களும் அவற்றை நடத்துவதில் பங்கேற்கின்றன. முதலில் கருத்தாளர்கள் மாநில அளவில் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் மாவட்டத்திலும், அங்குப் பயின்றோர் ஒன்றியத்திலும் பயிற்சி அளிக்கின்றனர்.

2010, 2011 ஆம் ஆண்டுகளில் சமச்சீர்க் கல்விப் பாடநூல்களும், 2018, 2019 ஆம் ஆண்டுகளில் மீண்டும் புதிய பாடநூல்களும் அறிமுகமாயின. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்களும் செய்முறை 25 மதிப்பெண்களும் கொண்டவை. இதனால் செய்முறைப் பயிற்சி ஆசிரியர்களுக்கு இன்றியமையாததாகிறது.

அரசு சாரா முயற்சிகளும் உள்ளன. 1980 ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் "துளிர்" எனும் சிறுவர் அறிவியல் இதழை வெளியிட்டு வருகிறது. 1993 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், மாணவர்கள் தம் ஊரிலுள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்கின்றனர். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்குப் பட்டறைகள் நடத்தப்படுகின்றன.

ஜவ்வாது மலையில்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் இங்குப் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பள்ளிக் கல்வித் துறை, பழங்குடியினர் நலத்துறை, வனத்துறை ஆகியவற்றின் பள்ளிகள் இங்கு இயங்கி வந்துள்ளன. மலையின் ஜமுனாமரத்தூர்ப் பகுதி திருவண்ணாமலை மாவட்டத்தையும், காவலூர்ப் பகுதி 2019 ஆம் ஆண்டில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. ஆகவே ஒரே மலையின் ஆசிரியர்கள் இரு வேறு மாவட்ட நிர்வாகங்களின்கீழ் வருகின்றனர். பயிற்சி சமவெளி நகரில் நடைபெறுமானால் மலைப்பாதையில் இறங்கிச் செல்ல வேண்டும். ஒரே அறிவியல் ஆசிரியர் உள்ள பள்ளியில் அந்நாள்களில் அறிவியல் வகுப்பு நடைபெறாது. பயிற்சியை மலையிலேயே நடத்துவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், பட்டறைக்கு வேண்டிய பொருள் மலையிலேயே இருப்பது.

காவலூர் வானாய்வகம்

காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், 12.5 பாகை வட அகலாங்கை ஒட்டி இது அமைந்துள்ளது. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியை இங்கிருந்து காணலாம். 1968 ஆம் ஆண்டில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு நோக்கீடுகள் தொடங்கின. 1972 ஆம் ஆண்டில் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 ஆம் ஆண்டு மார்ச்சு 10 அன்று யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வில் இத்தொலைநோக்கியின் நோக்கீடுகளும் பங்கு பெற்றன. இந்தியாவில் உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டு சனவரி 6 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. கோள் மறைப்பு, ஒளிச்சிதறல், வில்லைகளும் ஆடிகளும் ஆகிய உயர்நிலைப் பள்ளிப் பாடங்களுக்கு இவ்வானாய்வகம் நேரடி எடுத்துக்காட்டாகும்.

மலையில் செய்யத்தக்க சோதனைகள்

பின்வரும் சோதனைகளுக்குத் தொலைநோக்கியோ விலையுயர்ந்த கருவிகளோ தேவையில்லை.

நீரின் கொதிநிலை: நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் எனப் பாடநூல் கூறுகிறது. இது கடல் மட்டக் காற்றழுத்தத்திற்கு உரியது. காவலூர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாகையால் நீர் ஏறத்தாழ 97.5 பாகையில் கொதிக்கும். இதை அறியாத ஆசிரியர் வெப்பமானி பழுது எனக் கருதி 100 என்றே எழுதச் செய்யக்கூடும். பட்டறையில் தாமே அளந்து பார்த்தவர் வேறுபாட்டையே பாடமாக்குவார்.

நிழலில்லா நாள்: நண்பகலில் சூரியன் எப்போதும் தலைக்கு நேர் மேலே இருக்கும் என்பது பரவலான தவறான கருத்தாகும். ஜவ்வாது மலையில் ஆண்டுக்கு இரு முறை மட்டுமே, அதாவது ஏப்ரல் 23, 24 நாள்களை ஒட்டியும் ஆகஸ்டு 19, 20 நாள்களை ஒட்டியும், செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் நண்பகலில் மறைகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கியும், பிற காலங்களில் வடக்கு நோக்கியும் விழும். இதனை ஓராண்டு தொடர்ந்து குறித்துவந்தால் புவியச்சின் சாய்வை மாணவர்களே கணக்கிடலாம்.

துருவ விண்மீன்: பாகைமானி, நூல், சிறு கல் ஆகியவற்றால் துருவ விண்மீனின் ஏற்றக்கோணத்தை அளந்தால் அது ஏறத்தாழ 12.5 பாகை எனக் கிடைக்கும். இதுவே அவ்விடத்தின் அகலாங்கு ஆகும்.

இயற்கைக் காட்டிகள்: செம்பருத்திப் பூச்சாறு அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகவும் மாறும். மஞ்சள் காரத்தில் சிவக்கும். லிட்மசுத் தாள் தீர்ந்துபோன பள்ளியிலும் இச்சோதனையை நடத்தலாம்.

விமர்சனங்கள்

பணியிடைப் பயிற்சிகள் குறித்துக் கூறப்படும் முதன்மையான குறைகள் பின்வருமாறு:

- படிநிலைப் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் பொருள் நீர்த்துப்போகிறது. மாநில அளவில் சோதனையாகச் செய்யப்பட்டது, ஒன்றிய அளவில் படக்காட்சியாகச் சுருங்கிவிடுகிறது.
- பயிற்சியின் பயன் பெரும்பாலும் வருகைப் பதிவைக் கொண்டே அளக்கப்படுகிறது. ஆசிரியரின் வகுப்பறை மாறியதா என்பது பார்க்கப்படுவதில்லை.
- தேவை என்ன என்பது ஆசிரியரிடம் கேட்கப்படுவதில்லை.
- இணையவழிப் பயிற்சி பயணத்தைக் குறைக்கிறது. ஆயினும் கையால் செய்து பழக வேண்டிய சோதனைக்கு அது ஈடாகாது.

யப்பானில் ஆசிரியர்கள் கூட்டாக ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து கவனித்து, பின்னர் கலந்துரையாடும் பாட ஆய்வு முறை நீண்டகாலமாக வழக்கில் உள்ளது. இதில் பயிற்சி பள்ளிக்குள்ளேயே நடைபெறுகிறது. ஓசங்காபாத் மாதக் கூட்டங்களுக்கும் இம்முறைக்கும் பொதுவானது, ஆசிரியர் வகுப்பில் சந்தித்த இடரைச் சக ஆசிரியர்களிடம் கொண்டுவந்து பேச இடமிருப்பதாகும். தொடர்ச்சியற்ற பட்டறை, அது எவ்வளவு சிறப்பாக நடத்தப்பட்டாலும், வகுப்பறையில் நிலைப்பதில்லை என்பதே இவ்விரண்டின் பட்டறிவும் காட்டுவதாகும்.

இவற்றையும் பார்க்க

- வைணு பாப்பு வானாய்வகம்
- ஜவ்வாது மலை
- ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்
- தமிழ்நாடு அறிவியல் இயக்கம்
- நிழலில்லா நாள்
- சமச்சீர்க் கல்வி