மிகுபாரம் ஏற்றாமை: அகமதாபாத்தில் ஓர் அக்காளும் தம்பியும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்திற்கு நேரக்கூடிய குற்றங்கள் ஐந்து என்று உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவற்றை ஒத்தே பேசுகின்றது. வண்டி மாட்டையும் தொழுவத்துப் பசுவையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை இவை என்று எண்ணிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால், பிற்கூறிய இரண்டு குற்றங்களையும் மீண்டும் ஒருமுறை நோக்குங்கள். நமக்காக உழைக்கும் மனிதர் மீது தாங்கொணாப் பணிச்சுமையை ஏற்றுவதும், அவர்க்குரிய கூலியைக் குறைத்தோ காலந்தாழ்த்தியோ கொடுத்து அவர் வீட்டு அடுப்பை அணைப்பதும் இவற்றுள் அடங்கா என்று யார் சொல்ல இயலும்?

இக்கேள்வியை ஒரு நகரமே எதிர்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடம் குசராத்தின் அகமதாபாத்; காலம் 1918. எதிரெதிரே நின்றோர் ஒரே சமணக் குடும்பத்தில் பிறந்த அக்காளும் தம்பியும்.

அக்காள் அனசூயா சாராபாய் 1885-இல் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, சிற்றப்பன் வீட்டில் தம்பி அம்பாலாலுடன் வளர்ந்தார். 13 வயதில் நடந்த மணம் நிலைக்கவில்லை. தம்பியின் துணையால் 1912-இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். அப்படிப்பில் உயிரினங்களை அறுத்துப் பயில வேண்டியிருந்தது. தாம் பிறந்த சமயநெறி அதற்கு இடங்கொடாமையால் மருத்துவத்தை விடுத்து, இலண்டன் பொருளியற் பள்ளியில் சேர்ந்தார். ஊர் திரும்பிய பின் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தலானார். ஒருநாள் காலை, தளர்ந்த நடையும் ஒளியிழந்த கண்களுமாகத் தொழிலாளர் சிலர் செல்வதைக் கண்டு வினவினார். தொடர்ந்து 36 மணி நேரம் வேலை செய்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். ஆய்வுக்கூடத்தில் சிற்றுயிரை அறுக்கத் துணியாத நெஞ்சம், ஆலைக்குள் மனிதவுயிர் இவ்வாறு அரைபடுவதைக் கண்டு எங்ஙனம் வாளாவிருக்கும்? அன்றுமுதல் தொழிலாளரை ஒன்றுசேர்க்கும் பணி அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று.

தம்பி அம்பாலால் சாராபாய் காலிக்கோ ஆலையின் உரிமையாளர், பெருவள்ளல். தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒரு குடும்பத்தைக் காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டபோது, நன்கொடையாளர் பலரும் கைவிட்டனர். அப்போது பெயர் சொல்லாமல் வந்து 13,000 ரூபாய் கொடுத்து அவ்வாசிரமத்தைக் காத்தவர் இவரே. ஆகவே, பின்னர் நிகழ்ந்த போராட்டத்தைக் கொடியவர் ஒருவருக்கும் நல்லவர் ஒருவருக்கும் இடையே நிகழ்ந்ததாகக் கொள்வது பிழை. நல்ல முதலாளியும் எங்கே தடுமாறக்கூடும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டுவது.

1917-இன் மழைக்காலத்தில் அகமதாபாத்தில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க, ஆலை முதலாளிகள் நெசவாளர்க்குப் பிளேக் போனஸ் கொடுத்தனர். அது ஊதியத்தில் 70 முதல் 80 விழுக்காடு வரை இருந்தது. நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர். ஆனால், உலகப் போரினால் ஏறிய விலைவாசி நோயோடு சேர்ந்து இறங்கிவிடவில்லை. போனசுக்கு ஈடாக 50 விழுக்காடு கூலி உயர்வு வேண்டும் என்று நெசவாளர் கேட்டனர்.

காந்தியடிகள் முதலில் வேண்டியது நடுவர் தீர்ப்பு. இருதரப்பாரும் அதற்கு இசைந்து, இருபக்கத்திலும் மும்மூவரை அமர்த்தினர். அதற்குள் சில ஆலைகளில் தொழிலாளர் அவசரப்பட்டு வேலையை நிறுத்திவிட்டனர். அது தவறென்று காந்தியடிகள் வருத்தம் தெரிவித்தும், முதலாளிகள் நடுவர் ஏற்பாட்டினின்றும் விலகி, பிப்ரவரி 22-ஆம் நாள் கதவடைப்புச் செய்தனர். அவர்கள் கூறிய காரணம் கருதத்தக்கது. எங்கள் தொழிலாளர்க்கும் எங்களுக்கும் உள்ள உறவு பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் உள்ளது. இதில் மூன்றாமவர்க்கு என்ன வேலை என்பதே அது.

இக்கூற்றில் அன்பும் இருக்கிறது, அபாயமும் இருக்கிறது. பெற்றோர் கொடுப்பதைப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், கணக்குக் கேட்கலாகாது. பண்டிகைக்குப் புத்தாடையும், மகள் திருமணத்திற்குப் பணமும், நோயுற்றால் மருத்துவச் செலவும் தரும் முதலாளி, உரிய கூலி எவ்வளவு என்ற பேச்சு எழுந்ததும் முகம் சுளிக்கின்றார். தானம் கொடுப்பவர் உள்ளத்தைப் பொறுத்தது. கூலியோ உழைத்தவர் உரிமையைப் பொறுத்தது. முன்னது எத்துணை உயர்ந்ததாயினும் பின்னதற்கு ஈடாகாது.

காந்தியடிகளும் வல்லபபாய் படேலும் சங்கர்லால் பாங்கரும் ஆலைகளின் நிலையையும் பம்பாய்க் கூலியையும் ஆராய்ந்து, 35 விழுக்காடே நியாயம் என்று முடிவுசெய்தனர். தொழிலாளர் தம் கோரிக்கையை அந்த அளவிற்குக் குறைத்துக்கொண்டனர். முதலாளிகள் 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் நாள்தோறும் கூட்டம் நடந்தது. அனசூயாவின் பெயரால் துண்டறிக்கைகள் வெளிவந்தன. வன்முறை கூடாது, வேலைக்குச் செல்வோரைத் தடுக்கக் கூடாது, பிச்சையெடுக்கக் கூடாது, வேறு உழைப்பால் வயிறு வளர்க்க வேண்டும் என்பன தொழிலாளர்க்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

நாள்கள் செல்லச் செல்லப் பசி மனவுறுதியைக் கரைத்தது. மார்ச் 15-இல் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். அது முதலாளிகளையும் நெருக்குவதாக அமைந்துவிட்ட குறையை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள், மார்ச் 18-இல், உடன்பாடு ஏற்பட்டது. முதல் நாள் 35 விழுக்காடு. அதனால் தொழிலாளரின் சபதம் நிறைவேறும். இரண்டாம் நாள் 20 விழுக்காடு. அதனால் முதலாளிகளின் சொல்லும் நிற்கும். மூன்றாம் நாள் முதல் நடுவர் தீர்ப்பு வரும்வரை 27.5 விழுக்காடு. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா நடுவரானார். ஆகஸ்டு மாதத்தில் அவர் அளித்த தீர்ப்பு 35 விழுக்காடு.

நம் சமயம் உலகிற்கு அளித்த பெருங்கொடை அநேகாந்தம். பொருளின் இயல்பு பலமுகமானது. ஒருவர் காண்பது அதன் ஒரு முகமே. நூல் விலையும் துணி விலையும் அறிந்த முதலாளி கண்டது ஒரு முகம். அரிசி, பருப்பு விலை அறிந்த நெசவாளி கண்டது மற்றொரு முகம். இரண்டும் மெய், எதுவும் முழு மெய்யன்று. இருதரப்பையும் கேட்கும் நடுவரை ஏற்பது, அநேகாந்தத்தைத் தொழிற்கூடத்தில் கடைப்பிடிப்பதேயாம் என்பது என் துணிபு.

அப்போராட்டம் உடன்பாட்டோடு ஓய்ந்துவிடவில்லை. 1920-இல் 'மஜூர் மகாஜன்' என்னும் தொழிலாளர் சங்கம் தோன்றியது; அனசூயா தலைமை ஏற்றார். மகாஜன் என்பது குசராத்து வணிகர் குழுக்களுக்குரிய பழம்பெயர். அப்பெயரைக் கூலித் தொழிலாளர்க்குச் சூட்டியதே அவர்களை வணிகரோடு சமமாக அமரச் செய்தது. காந்தியடிகளும் ஆலை முதலாளிகளின் சார்பில் மங்கள்தாஸ் கிரிதர்தாசும் அமர்ந்த நிலையான நடுவர் குழுவும் அவ்வாண்டே உருவாயிற்று. அனசூயா மறைந்த 1972-ஆம் ஆண்டில், அச்சங்கத்தின் மகளிர் பிரிவிலிருந்து இலா பட் அவர்களின் முயற்சியால் 'சேவா' என்னும் அமைப்பு பிறந்தது.

தம்பியின் ஆலையும் பாடம் கற்றது. 1953-இல் காலிக்கோ ஆலையின் தானியங்கித் தறிக் கொட்டகை ஒன்றில், இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சார்ந்த ஏ. கே. ரைஸ் ஆராய்ந்தார். 224 தறிகள், 12 வகைப் பணிகள், ஒருவர் வேலைக்கும் மற்றொருவர் வேலைக்கும் தொடர்பு தெளிவில்லை. புதிய இயந்திரங்கள் வந்தும் விளைச்சல் பெருகவில்லை. சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, குறிப்பிட்ட தறிகளுக்குக் குழுவே பொறுப்பேற்கலாம் என்ற கருத்தைத் தொழிலாளர் ஆர்வத்தோடு பற்றிக்கொண்டனர். எவர் எக்குழு என்பதையும் தாமே அமைத்தனர். தொடக்கத்தில் இடர்ப்பாடுகள் இருந்தன. பின்னர் உற்பத்தி உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. தொழிலாளரை நம்பிப் பொறுப்பளித்தால் மேற்பார்வையின் பாரமும் குறையும் என்பதை உலக மேலாண்மை அறிஞர் இன்றும் இச்சோதனையைச் சுட்டி விளக்குவர். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நாம் அறிவோம். ஆராய்ந்து தேர்ந்தபின் நம்புவதும், நம்பியபின் பொறுப்பை ஒப்படைப்பதும் ஒரே நெறியின் இரு படிகள்.

1980-களில் அகமதாபாத்தின் ஆலைகள் பல மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். நல்லுறவு ஒன்றே ஒரு தொழிலை எல்லாக் காலத்தும் காத்துவிடாது. ஆயினும் தொழில் நடக்கும் காலத்தில் அதில் உழைப்போர் மனிதராக மதிக்கப்பட்டனரா என்ற கேள்விக்கு விடை அந்தந்தக் காலத்திலேயே எழுதப்படுகின்றது.

நம் குடும்பங்களில் இன்று நிலத்தில் ஆள்வைத்துப் பயிர்செய்வோர் உளர். அரிசி ஆலையும் கடையும் நடத்துவோர் உளர். அலுவலகங்களில் பலரை மேற்பார்க்கும் பொறுப்பில் இருப்போர் மிகப் பலர். இராவுண்ணாமையைப் போற்றி, கதிரவன் மறையுமுன் உணவு முடித்து எழுகின்றோம். நம் கடையில் காலைமுதல் நிற்கும் பையன் நண்பகல் உணவை எப்போது உண்டான் என்று கேட்டோமா? நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். நம் களத்தில் உழைப்பார்க்குக் குடிநீரும் நிழலும் இருக்கின்றனவா? எறும்பை மிதியாது நடக்கும் நாம், இரவு பத்து மணிக்கும் உதவியாளரைக் கைப்பேசியில் அழைத்து வேலை ஏவுகின்றோமா? இவை நோன்புக்குப் புறம்பான கேள்விகளல்ல. முதல் அணுவிரதத்தின் உள்ளேயே இருப்பவை.

செய்யத்தக்கன அரியனவும் அல்ல. கூலி இவ்வளவு, அது தரப்படும் நாள் இது என்பதை முன்னரே வரையறுத்து, அந்நாள் தவறாது கொடுத்தல். வேலை நேரத்திற்கு ஓர் எல்லை வகுத்தல். குறை கூறியவரைப் பகையாகக் கருதாதிருத்தல். கருத்து மாறுபட்டால் இருதரப்பும் மதிக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்று அவர் சொல்லுக்குக் கட்டுப்படுதல். இவற்றைச் செய்தபின் பண்டிகைக்குப் புத்தாடையும் கொடுப்போம். அப்போதுதான் அது தானமாகும். முன்னதைச் செய்யாமல் கொடுக்கும் ஆடை, கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததாகவே அமையும்.

இத்திருநாளில் ஆலயம் சென்று வணங்கி வீடு திரும்பும் நாம், நமக்காக உழைப்பவர் தோளில் நாம் ஏற்றிய பாரம் எவ்வளவு என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.