எல்லை தாண்டிய இரு விமானங்கள்

நிலத்தின் எல்லைக்கு முள்வேலி உண்டு. ஆறோ மலையோ உண்டு. குறைந்தபட்சம் சுண்ணாம்பு பூசிய ஒரு கல்லாவது உண்டு. வானத்தின் எல்லைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆயினும் அது சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியின்மீது முழுமையான, தனித்த இறையாண்மை உண்டு என்று 1919இன் பாரிஸ் உடன்படிக்கையும் 1944இன் சிகாகோ உடன்படிக்கையும் வகுத்தன. இந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த இரு விமானங்களை நாம் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று அறியாமல் தாண்டியது. மற்றது அறிந்தே தாண்டியது. அறியாமல் தாண்டியது சுட்டு வீழ்த்தப்பட்டது. அறிந்து தாண்டியதோ மாஸ்கோவின் நடுவே பத்திரமாகத் தரையிறங்கியது. இந்த முரணுக்குள் ஒரு செய்தி இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

1983 ஆகஸ்ட் 31. நியூயார்க்கிலிருந்து சியோலுக்குச் செல்லும் கொரியன் ஏர் லைன்ஸின் 007ஆம் எண் விமானம் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் புறப்பட்டது. போயிங் 747 வகை. பயணிகளும் பணியாளர்களுமாக 269 பேர். வட பசிபிக்கின் மேல் அது செல்லவேண்டிய தடத்துக்கு ரோமியோ 20 என்று பெயர். அங்கிருந்த ஐந்து தடங்களில் சோவியத் எல்லைக்கு மிக அருகில் செல்வது அதுவே.

வழியறிந்து செலுத்தும் கருவிகள் விமானத்தில் மூன்று இருந்தன. தானியங்கி ஓட்டியை அவற்றோடு இணைக்க விமானி ஒரு குமிழைத் திருப்பவேண்டும். அந்தக் குமிழ் நிலையான திசையைப் பிடித்துச் செல்லும் நிலையிலேயே விடப்பட்டிருக்கவேண்டும். அல்லது அது திருப்பப்பட்டபோது விமானம் தடத்தைவிட்டு ஏற்கெனவே அதிகம் விலகியிருந்ததால் இணைப்பு நிகழாமல் போயிருக்கவேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1993இல் அளித்த அறிக்கையின் முடிவு இதுதான். புறப்பட்ட சுமார் பத்து நிமிடங்களில் விலகல் தொடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் அது பத்து கிலோமீட்டர். ஐந்து மணி நேரத்துக்குப் பின் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். விமானிகளுக்கு இது கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் தோக்கியோவின் வான்கட்டுப்பாட்டு நிலையத்தோடு வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கீழே இருந்தவர்களின் நிலை வேறு. அன்றிரவு கம்சட்கா தீபகற்பத்துக்கு அப்பால் அமெரிக்காவின் ஆர்.சி.-135 உளவு விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சோவியத் ராடார் திரையில் அது ஒரு புள்ளி. வழி தவறிய போயிங்கும் ஒரு புள்ளி. உளவு விமானமே உள்ளே வருகிறது என்று கண்காணித்தவர்கள் எண்ணினார்கள். கம்சட்காவில் எழுந்த போர் விமானங்கள் அதை எட்டிப்பிடிக்கவில்லை. போயிங் தீபகற்பத்தைக் கடந்து, ஒகோட்ஸ்க் கடலையும் கடந்து, சகாலின் தீவை நெருங்கியது.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1978 ஏப்ரலில் இதே நிறுவனத்தின் வேறொரு விமானம், பாரிஸிலிருந்து கிளம்பியது, துருவப் பகுதியில் திசை பிறழ்ந்து சோவியத்தின் வடமேற்கு மூலையில் நுழைந்திருந்தது. ஏவுகணையால் இறக்கை சிதைந்த அந்த விமானம் உறைந்த ஏரி ஒன்றின்மீது இறங்கியது, இருவர் இறந்தனர். அது அவ்வளவு தூரம் உள்ளே வர முடிந்ததே வான்காவல் படைக்குத் தலைகுனிவாயிற்று. 1983 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் குரில் தீவுகளில் ஒன்றின் மேல் பறந்துவிட்டுத் திரும்பின. தடுக்காத அதிகாரிகள் கண்டிக்கப்பட்டார்கள். செப்டம்பர் முதல் நாள் விடியலில் சகாலினில் பணியில் இருந்தவர்கள் இந்த ஐந்து மாதப் பழைய கண்டனத்தை மறந்திருக்க முடியாது. கையிலிருந்ததோ சில நிமிடங்கள். அதற்குள் முடிவெடுக்காவிட்டால் அந்தப் புள்ளி பன்னாட்டுக் கடல்வெளிக்குத் தப்பிவிடும்.

சுகோய்-15 விமானத்தில் பின்தொடர்ந்த கெனாதி ஒசிபோவிச் எச்சரிக்கையாகப் பீரங்கிக் குண்டுகளைச் சுட்டார். அவை இருளில் ஒளிக்கோடு இடும் குண்டுகள் அல்ல. போயிங்கின் விமானிகள் அவற்றைக் கண்டதற்கான சுவடு எதுவும் இல்லை. அதே நேரத்தில் தோக்கியோவின் அனுமதி பெற்று போயிங் மேலே ஏறியது. ஏறும்போது வேகம் குறைந்தது. தப்பிக்கும் தந்திரம் இது என்று பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்டார். காலை 6:26க்கு இரு ஏவுகணைகள் ஏவப்பட்டன. அடிபட்ட பின்னரும் சுமார் பன்னிரண்டு நிமிடங்கள் விமானம் வானில் இருந்தது. பிறகு மோனெரோன் தீவின் அருகே கடலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

வரிசையாய் விளக்கெரியும் சாளரங்களைத் தாம் பார்த்ததாகவும், கீழே இருந்தவர்கள் கேட்காததால் விமானத்தின் வகையைத் தாம் சொல்லவில்லை என்றும் ஒசிபோவிச் பல ஆண்டுகளுக்குப் பிறகு கூறினார். இந்த வாக்குமூலத்தை எண்ணும்போதெல்லாம் நமக்குக் கோபத்தைவிட அச்சமே மிகுகிறது. கொடியவர் ஒருவரின் சொல் அல்ல இது. கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லப் பழகியவரின் சொல்.

மாஸ்கோ முதலில் மறுத்தது. சில நாட்களில் ஒப்புக்கொண்டது. ஆனால் உளவு விமானம் என்றே சாதித்தது. கறுப்புப் பெட்டிகளை ரகசியமாகக் கண்டெடுத்து ஒன்பது ஆண்டுகள் மறைத்து வைத்தது. 1992இல் போரிஸ் எல்ட்சின்தான் அதை வெளிப்படுத்தினார். ஜி.பி.எஸ். வசதியை உலகின் சிவில் விமானங்களுக்கும் திறந்துவிடப்போவதாக ரேகன் அரசு அறிவித்தது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். பறக்கும் சிவில் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தலாகாது என்ற பிரிவு 1984 மே மாதம் சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்க ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வர 1998 ஆயிற்று. அதே 1998இல், சகாலின் விமானத்தளத்தின் தலைவராக இருந்து சுடச் சொன்ன அனதோலி கொர்னுகோவ் ரஷ்ய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

*

இனி இரண்டாவது விமானம். 1987 மே 28. மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் ருஸ்ட் என்ற இளைஞர், பத்தொன்பது வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தவர், ஹெல்சிங்கியிலிருந்து ஒரு சிறிய செஸ்னா விமானத்தில் கிளம்பினார். ஸ்டாக்ஹோம் செல்வதாகச் சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பினார். சமாதானத்துக்கு வானில் ஒரு பாலம் கட்டுவது அவர் கனவு. சோவியத் ராடார்கள் அவரைக் கண்டன. போர் விமானம் ஒன்று அருகில் வந்து பார்த்தது. ஒருவரும் சுடவில்லை. அன்று மாலை அவர் கிரெம்ளின் அருகிலுள்ள பாலத்தில் இறங்கி, செஞ்சதுக்கத்தின் ஓரம்வரை விமானத்தை ஓட்டி வந்து நிறுத்தினார். அன்று எல்லைக் காவலர் தினம்.

ஏன் சுடவில்லை? மேலிடத்தின் தெளிவான ஆணையின்றி ஒரு சிவில் விமானத்தைச் சுட 1983க்குப் பிறகு யாரும் துணியவில்லை என்பது ஒரு காரணம். ராடாரில் அவர் சோவியத் விமானமாகவே தவறாகக் குறிக்கப்பட்டார் என்பது மற்றொன்று. காரணம் எதுவாயினும் ஓர் உயிர் பிழைத்தது. அதற்குக் கிடைத்த பரிசு? பாதுகாப்பு அமைச்சர் செர்கேய் சொகோலோவும் வான்காவல் படைத் தளபதி அலெக்சாந்தர் கொல்துனோவும் பதவி இழந்தார்கள். படைத்தலைமையைக் களைய கோர்பச்சேவுக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. ருஸ்டுக்கு நான்கு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, ஓராண்டுக்குச் சற்று மேல் சிறையில் கழித்தபின் விடுதலை கிடைத்தது.

269 பேரைக் கொன்ற ஆணைக்கு உயர்வு. ஓர் இளைஞரைக் கொல்லாத தயக்கத்துக்குப் பதவிப்பறிப்பு. இதை சோவியத்துக்கு மட்டுமே உரிய நோய் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ருஸ்ட் பறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ஸ்டார்க் என்ற போர்க்கப்பலை ஈராக்கிய ஏவுகணைகள் தாக்கி 37 பேர் இறந்தனர். தற்காத்துக்கொள்ளத் தவறியதாகக் கப்பல் தலைவர் கண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 3 அன்று அதே வளைகுடாவில் வின்சென்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என எண்ணிச் சுட்டது. 290 பேர் மாண்டனர். அந்த விமானம் வழி தவறவே இல்லை; தனக்குரிய தடத்தில்தான் பறந்தது. ஈரானின் கடல் எல்லைக்குள் புகுந்திருந்தது கப்பல்தான்.

கீழிருந்து திரையைப் பார்க்கிறவர் விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை என்பதே இவற்றிலிருந்து நாம் அறிவது. சென்ற முறை சுடாமல் விட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் அவர் சேர்த்தே பார்க்கிறார். கருவிகள் எவ்வளவோ திருந்திவிட்டன. 269 பேரை வழிதவற வைத்த அந்தப் பிழை இன்று ஜி.பி.எஸ். கருவிக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் ஐயம் எழும்போது பொறுத்திருந்தவரைப் பாராட்டும் வழக்கம் எந்தப் படையிலும் எளிதில் வேரூன்றுவதில்லை.

ஜப்பானின் வடகோடியில் சோயா முனையில் 007இல் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக 269 வெள்ளைக் கற்கள் அங்கே பதிக்கப்பட்டுள்ளன. வானம் தெளிந்த நாட்களில் அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் சகாலின் தெரியும். நடுவே எல்லை எதுவும் தெரியாது.