கடல்மேற் பறக்கும் மக்களும் கரையில் இருக்கும் பெற்றோரும்

ஒரு வீரனை உருவாக்குவதில் தாய்க்கு உள்ள பங்கு யாது, தந்தைக்கு உள்ள பங்கு யாது, வேல் வடிக்கும் கொல்லனுக்கும் நாடாளும் வேந்தனுக்கும் உள்ள பங்கு யாது என்று பகுத்துரைக்கும் புறநானூற்றுப் பாடல் நம்மிற் பலர் பள்ளியிற் பயின்றதே. பொன்முடியார் பாடியது அது. களம் சென்று வென்று மீளுதல் மகனுடைய பங்கு என்பதோடு பாடல் முடிந்துவிடுகிறது. மகன் களத்தில் நிற்கும்போது, வீட்டில் இருக்கும் தாயும் தந்தையும் ஆற்ற வேண்டிய கடமை யாது? அதைப் புலவர் கூறவில்லை. அக்கடமையைப் பற்றியே இவ்வாண்டு மலரில் சில சொற்கள் எழுதத் துணிந்தோம்.

இதற்குக் காரணம் உண்டு. பட்டப் படிப்பை முடித்த எம் மகள், கடற்படையின் விமானப் பிரிவில் அப்சர்வர் எனப்படும் அதிகாரி பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்க் காலங்கழிக்கும் நமக்கு அப்பதவியின் பெயரே புதிது. "விமானம் ஓட்டுவதில்லையா? அப்படியானால் என்னதான் வேலை?" என்று குடியிருப்பிலுள்ள அன்பர்கள் கேட்டபோது, விடை கூற இயலாமல் நாணினோம். பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

நம் இரயில்வேக் குடும்பத்தார்க்கு ஓர் உவமையால் இதனை எளிதில் விளக்கலாம். வண்டியை ஓட்டுபவர் டிரைவர். வண்டிக்குப் பொறுப்பாளர் கார்டு. ஊரார் இஞ்சினைப் பார்த்து டிரைவரை வியப்பார்கள். கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பவரை நினைப்பார் சிலரே. கடற்படை விமானத்தில் அப்சர்வரின் நிலையும் ஏறத்தாழ அத்தகையதே. வழி கணித்தல், ராடார் திரையை நோக்குதல், நீருக்கடியில் மறைந்து செல்லும் நீர்மூழ்கியை ஒலியால் தேடிக் கண்டறிதல், வேண்டும்போது ஆயுதத்தை இயக்குதல் ஆகியவை அவர் பணி. வானிற் சென்ற காரியத்துக்கே தலைமை ஏற்பவராகவும் அவர் அமைவதுண்டு.

இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவு 1953ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கொச்சியில் 'கருடா' தளம் தொடங்கப்பெற்றபோது உருப்பெற்றது. 1961 மார்ச் 4ஆம் நாள் 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் பெல்ஃபாஸ்ட் நகரில் நம் கடற்படையிற் சேர்ந்தது. அதன் மேல்தளத்திலிருந்து ஸீஹாக் என்னும் ஒருவர் செல்லும் போர் விமானங்களும், மூவர் அமர்ந்து செல்லும் அலிஸே விமானங்களும் பறந்தன.

பெற்றோரின் கடமை யாது என்பதற்கு வரலாறு தந்த பாடம் 1971ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்போது கீழைக் கடற்படைப் பிரிவின் தலைவராக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவிலிற் பிறந்த தமிழர். விக்ராந்தை மூழ்கடிக்கப் பாகிஸ்தானின் 'காஸி' என்னும் நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் புகுந்துவிட்டது. விக்ராந்தோ இரகசியமாக அந்தமான் பக்கம் அனுப்பப்பட்டிருந்தது. அது விசாகப்பட்டினத்துக்கு அருகிலேயே உள்ளது என்று பகைவரை நம்பச் செய்ய வேண்டும். 'ராஜ்புத்' என்னும் பழைய கப்பலைக் கடலுக்கு அனுப்பி, அதையே விக்ராந்தாக நடிக்கச் செய்தனர். அக்கப்பலிலிருந்து, இரகசியக் குறியீடு எதுவுமின்றி, ஒரு தந்திச் செய்தியும் அனுப்பப்பட்டது. விக்ராந்தில் உள்ள மாலுமி ஒருவன், நோயுற்றுக் கிடக்கும் தன் தாயின் நலத்தை விசாரிப்பது போன்ற செய்தி அது!

அன்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். எத்தனையோ பொய்களைப் புனைந்திருக்கலாம். ஆயினும் தாயின் உடல்நலம் கேட்கும் மகனையே அட்மிரல் தெரிந்துகொண்டார். கட்டுப்பாட்டை மீறி ஒருவன் வாய் திறப்பான் என்றால், அது பெற்றவளின் பொருட்டே இருக்கும் என்பதைப் பகைவனும் ஐயமின்றி நம்புவான் அல்லவா? டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, காஸி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. மறுநாள் விக்ராந்தின் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

நடிப்புக்காக ஒரு மாலுமி தாயின் நலம் கேட்டான். உண்மையில் விக்ராந்தில் இருந்தவர்களோ தாம் இருக்கும் இடத்தை வீட்டுக்குச் சொல்லக் கூடாதவர்களாய் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த அந்த நாட்கள் எத்தகையனவாய் இருந்திருக்கும்! எல்லோரும் மீளவும் இல்லை. அம்மாதம் 10ஆம் நாள், மேலைக் கடலில் அலிஸே விமானம் ஒன்று பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த மூவரும் திரும்பவில்லை.

இஃது எங்கோ நடந்த கதை, கடலில்லாத நம் ஊருக்கு என்ன தொடர்பு என்று கருத வேண்டா. 1967 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அடிக்கல் நாட்டிய துண்டிகல் விமானப்படைக் கழகத்தின் அணிவகுப்பில், விமானப்படையாரோடு கடற்படை விமானிகளும் தம் சிறகுச் சின்னத்தைப் பெறுவதுண்டு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் அந்நாளைக் காணச் செகந்திராபாத் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். துயரத்தையும் இந்நகரம் கண்டிருக்கிறது. 2010 மார்ச் 3ஆம் நாள், பேகம்பேட்டையில் நடந்த விமானக் கண்காட்சியின்போது, கடற்படையின் 'சாகர் பவன்' சாகசக் குழுவைச் சேர்ந்த விமானம் ஒன்று போயின்பள்ளியில் ஒரு கட்டிடத்தின்மேல் விழுந்தது. விமானிகள் இருவரும் மாண்டனர். மொட்டை மாடியில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்திருந்தவர்களில் நாமும் ஒருவர். அப்போது எம் மகள் சிறு பெண். எம் தோளைப் பற்றிக்கொண்டு நின்றாள். அந்த நினைவு எம் இல்லத்தாளை இன்றும் விடவில்லை. விண்ணப்பத்தைக் கண்டு அவள் அழுததற்கும் அதுவே காரணம்.

அவளுக்கு நாம் எடுத்துக் கூறியது வேறொரு செய்தி. 2009இல் இரண்டு பெண்கள் முதன்முதலாக அப்சர்வர் ஆயினர். 2020 செப்டம்பர் 21ஆம் நாள், கொச்சிக் கருடா தளத்தில், போர்க்கப்பலிலிருந்து ஹெலிகாப்டரிற் செல்லும் பணிக்கென முதன்முதல் தேர்ந்த அப்சர்வர் பெண்கள் குமுதினி தியாகி, ரிதி சிங் என்னும் இருவர். இவருள் ரிதி சிங் நம் ஐதராபாத்தைச் சேர்ந்தவர். பாட்டனார் தரைப்படையிலும் தந்தையார் கடற்படையிலும் பணிபுரிந்தவர்கள். அத்தகைய வீட்டில், காத்திருப்பது எப்படி என்பதை மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நம்மைப் போன்ற எழுத்தர் வீடுகளில் அதைக் கற்றுத் தருவார் யார்? நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏழிமலைக் கடற்படைக் கழகத்தில் பயிற்சி முடியும் நாளில், பிள்ளைகளின் தோளிலுள்ள பதவிப் பட்டையைப் பெற்றோரே திறந்து வைப்பது வழக்கம். பெருமிதமான அந்த நொடியோடு நம் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். நம் கருத்தில், வேலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, பிள்ளையின் பணி இன்னதென்று அறிந்துகொள்ளுதல். "பைலட் இல்லையா?" என்று உறவினர் கேட்கும்போது தலை குனிபவன் தன் பிள்ளையைக் கைவிட்டவன் ஆவான். இரண்டாவது, எங்கே இருக்கிறாய், எப்போது புறப்படுவாய் என்று கேளாதிருத்தல். 2019 டிசம்பரில் கடற்படையினர் சிலர் உளவு வழக்கிற் கைதான பின்னர், கப்பல்களிலும் தளங்களிலும் திறன்பேசிக்கே தடை விதிக்கப்பட்டது. பிள்ளை காக்கும் இரகசியத்தைத் தந்தை பெருமைக்காக வாட்ஸப்பிற் போடுவானாகில், ராஜ்புத் கப்பலின் நாடகம் வீணே. மூன்றாவது, வீட்டை வீடாகவே வைத்திருத்தல். விடுமுறைக்கு வரும் பிள்ளைக்குக் கேள்விகள் வேண்டா. வத்தக் குழம்பும் நல்லுறக்கமும் போதும். மனம் தளர்ந்து மீள விரும்பினாலும், வெட்கமின்றி நுழையும்படி வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும்.

எம் மகளுக்குத் தேர்வுக் கடிதம் வருமோ, வாராதோ, அறியோம். வந்தால், அழுதுகொண்டேயாயினும் வழியனுப்ப அவள் தாய் இசைந்துவிட்டாள். "உடம்பு சரியில்லாவிட்டாலும் அவளுக்குச் சொல்லக்கூடாதா?" என்று நேற்றிரவு கேட்டாள். "அவள் கேட்பாள், அப்போது சொல்" என்றோம். அட்மிரல் கிருஷ்ணன் நம்பியதும் அதைத்தானே!