பேத்தியின் சொட்டு மருந்தும் பாட்டியின் பொடிப் பாக்கெட்டும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் மெடிக்கல் கடைப் பையோடு யாராவது இருப்பார்கள். பேத்திக்கு எழுதித் தந்த வைட்டமின் டி சொட்டு மருந்தும், பாட்டிக்கு எழுதித் தந்த வைட்டமின் டி பொடிப் பாக்கெட்டும் ஒரே பையில் வீட்டுக்குப் போவதுண்டு. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே மருந்துதான்: கோலிகால்சிஃபெரால். வேறுபடுவது அளவு. அந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வீரியம். பிறந்தது முதல் ஒரு வயது வரை நாளுக்கு 400 யூனிட் கொடுக்கச் சொல்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதே காரணம். பாட்டியின் பாக்கெட்டில் இருப்பதோ 60,000 யூனிட். வகுத்துப் பாருங்கள்: கைக்குழந்தையின் 150 நாள் மருந்து அந்த ஒரு சிட்டிகைப் பொடியில் அடங்கிவிடுகிறது. அமெரிக்க மருத்துவக் கழகம் 2010இல் வகுத்த உச்ச வரம்பு, ஆறு மாதம் வரை நாளுக்கு 1,000 யூனிட், ஒரு வயது வரை 1,500, மூன்று வயது வரை 2,500.

அடுத்தது, தவறு நுழையும் வழி. பாக்கெட்டில் தவறு நாள் கணக்கில் வருகிறது. வாரம் ஒன்று என்பது தினம் ஒன்றாகிவிடும். பாட்டிலில் தவறு மில்லி கணக்கில் வருகிறது. ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் 800 உள்ளதும் கடைகளில் கிடைக்கின்றன. பழைய பழக்கத்தில் டிராப்பரை நிரப்பினால் குழந்தைக்கு இரட்டிப்பாகப் போகும். டப்பாப் பாலிலும் டானிக்கிலும் உள்ளது அதோடு சேரும். டிராப்பர் பிடிக்கும் அளவால் கைக்குழந்தைகளுக்கு மருந்து மிகுந்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2010இல் பெற்றோரை எச்சரித்தது.

வெயிலில் இந்தக் கவலை இல்லை. வைட்டமின் டி தேவைக்கு மேல் போனால் தோலே அதைப் பயனற்ற பொருளாக மாற்றிவிடும். வாய்வழி போவதற்கு அந்தத் தடுப்பு கிடையாது. மிகுந்தது கொழுப்பில் தங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். குழந்தை பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மலம் இறுகும், அடிக்கடி சிறுநீர் போய் உடல் வற்றும். சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

இதற்குப் பயந்து சொட்டு மருந்தையே நிறுத்திவிடக் கூடாது. துணி சுற்றி வீட்டுக்குள் வளரும் கைக்குழந்தைக்குத் திருச்சி வெயில் எட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் வைட்டமின் டி தராது. வைட்டமின் டி குறைந்தால் எலும்பு மென்மையாகிக் கால் வளையும். அப்படிக் கால் வளைந்த குழந்தைக்கு, மூன்று மாதம் தாண்டியிருந்தால், 60,000 யூனிட் மருந்தையே வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு டாக்டர் எழுதுவதும் உண்டு. அதை அவர் நாள் குறித்து, பரிசோதித்துத் தருகிறார். வீட்டில் நாமாக எடுத்துத் தரும் மருந்து அது அன்று.

ஆகவே பேருந்து ஏறுமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: ஒரு மில்லியில் எத்தனை யூனிட், எத்தனை மில்லி, எத்தனை நாளுக்கு ஒருமுறை? பதிலைப் பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி வாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பாட்டியின் பாக்கெட்டைத் தனி டப்பாவில் வையுங்கள்.