ஜனான் (ஈரானியப் பெண்கள் மாத இதழ்)

ஜனான்: டெஹ்ரானிலிருந்து 1992 முதல் 2008 வரை வெளிவந்த பாரசீக மொழி மாத இதழ். பெயரின் பொருள் ‘பெண்கள்’. நிறுவி நடத்தியவர் ஷஹ்லா ஷெர்கத். மொத்தம் 152 இதழ்கள் வந்தன. 1979 புரட்சிக்குப் பிந்தைய ஈரானில் மார்க்க அறிஞர்களும், மார்க்கத்தைச் சட்டத்துக்கு அடிப்படையாக ஏற்காத வழக்கறிஞர்களும், எழுத்தாளர்களும் ஒரே அட்டைக்குள் பெண்ணுரிமையை வாதிட்ட இடம் இது. 2008 ஜனவரியில் அரசின் பத்திரிகைக் கண்காணிப்பு வாரியம் இதன் உரிமத்தை ரத்து செய்தது.

முன்வரலாறு

ஈரானில் பெண்கள் இதழ் என்ற முயற்சி 1910-இல் ‘தானெஷ்’ என்ற ஏட்டுடன் தொடங்குகிறது. இல்லறம், குழந்தை வளர்ப்பு, உடல்நலம் ஆகியவற்றோடு நின்றுகொள்வதாகவும் அரசியல் பேசப்போவதில்லை என்றும் அது தொடக்கத்திலேயே உறுதி கூறியது. அந்தக் கோட்டை முதலில் தாண்டியவர்களில் ஒருவர் இஸ்ஃபஹான் நகரத்து சித்தீகா தௌலதாபாதி. 1919-இல் அவர் தொடங்கிய ‘ஜபானே ஜனான்’ பெண்கள் எழுதியதை மட்டுமே அச்சிட்டது. பெண் கல்வியையும் முக்காடு பற்றிய கேள்வியையும் எழுப்பியதோடு, அதே ஆண்டு பிரிட்டனோடு செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தையும் எதிர்த்து எழுதியது. அலுவலகத்தின் மீது கல் எறிந்தார்கள். பின்னர் அரசே இதழை நிறுத்தியது. ஒரு பக்கம் தெருக்கூட்டம், மறுபக்கம் அரசாணை என்ற இந்த இரட்டை நெருக்கடியை அடுத்த நூறு ஆண்டுகளில் ஈரானியப் பெண்கள் இதழ்கள் திரும்பத் திரும்பச் சந்தித்தன.

மன்னர் ரெஸா ஷா காலத்தில் பெண்களின் தன்னிச்சையான சங்கங்களும் ஏடுகளும் 1930-களில் ஒடுங்கின. 1936 ஜனவரியில் முக்காடு தடைசெய்யப்பட்டு, தெருவில் போன பெண்களின் தலைத்துணியைக் காவலர்கள் பறித்தார்கள். பேச்சுரிமையைப் பறித்துவிட்டுத் தரப்பட்ட விடுதலை அது. அவருடைய மகன் காலத்தில் 1963-இல் வாக்குரிமை கிடைத்தது. 1967-இலும் 1975-இலும் வந்த குடும்பப் பாதுகாப்புச் சட்டங்கள் கணவன் நினைத்தபோது விவாகரத்து செய்யும் வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டன. இரண்டாம் திருமணத்துக்கு நீதிமன்ற அனுமதி கட்டாயமானது. பெண்ணின் திருமண வயது 18 ஆனது.

புரட்சி வென்று இரண்டு வாரத்தில், 1979 பிப்ரவரி 26 அன்று, இந்தக் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் செல்லாது என்று புரட்சித் தலைவர் கொமேனியின் அலுவலகம் அறிவித்தது. மார்ச் 8-ஆம் தேதி டெஹ்ரான் தெருக்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஊர்வலங்கள் பல நாள் நீடித்தன. எனினும் பெண் நீதிபதிகள் பதவி இழந்தார்கள். டெஹ்ரானில் ஒரு நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த ஷிரின் எபாதி, தாம் அமர்ந்து தீர்ப்புச் சொன்ன அதே நீதிமன்றத்தில் எழுத்தராக்கப்பட்டார். திருமண வயது 9 ஆகக் குறைந்தது. 1980-இல் இராக்குடன் போர் மூண்டபின், இந்தச் சட்டங்களைப் பற்றிப் பொதுவில் கேள்வி கேட்பதே துரோகம் போல் பார்க்கப்பட்டது.

தோற்றம்

ஷெர்கத் 1956-இல் இஸ்ஃபஹானில் பிறந்தவர். டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவர். புரட்சியை எதிர்த்து ஒதுங்கியவர் அல்லர், அதற்குள்ளிருந்தே வந்தவர். அரசு சார்ந்த கெய்ஹான் நிறுவனத்தின் ‘ஜனே ரூஸ்’ வார இதழுக்கு 1982 முதல் ஆசிரியராக இருந்தார். குடும்ப நீதிமன்றங்களில் பெண்கள் படும் பாடு வாசகர் கடிதங்களாக அந்த இதழுக்கு வந்து குவிந்தது. பெண்களைப் பற்றி என்ன எழுதலாம் என்பதில் நிர்வாகத்தோடு முரண்பாடு முற்றி, 1991-இல் அவர் பதவி நீக்கப்பட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் ஜனான் முதல் இதழ் வந்தது.

அதே 1992-இல் கும் நகர மதரஸாக்களின் சார்பில் ‘பயாமே ஜன்’ என்ற பெண்கள் இதழும் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் ஆண் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்). பெண்ணுக்கு இஸ்லாம் தந்துள்ள இடம் நிறைவானது, அதை விளக்கிச் சொன்னால் போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு. விளக்கம் தருபவர்களே தவறாக விளக்கியிருக்கலாமே என்ற இடத்தில் ஜனான் தொடங்கியது. இரு இதழ்களையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் அந்தப் பத்தாண்டின் வாதம் முழுமையாகப் புரியும்.

விவாதத்தின் தன்மை

தொடக்க இதழ்களிலேயே ஒரு கட்டுரைத் தொடர் வாசகர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பெண் நீதிபதியாகலாமா, மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி அவளுக்கு உண்டா, ஆணின் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அந்நிஸா அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் உண்மையில் என்ன சொல்கிறது என்று அது கேட்டது. குர்ஆன் வசனம், ஹதீஸின் நம்பகம், பழைய சட்ட அறிஞர்களின் கருத்து வேறுபாடு என்று மதரஸாவில் பல ஆண்டு ஓதியவர் மட்டுமே எழுதக்கூடிய நடையில் கட்டுரைகள் அமைந்திருந்தன. ஆனால் ஆசிரியர் இடத்தில் இருந்தவை பெண்களின் பெயர்கள். அவற்றின் பின்னால் இருந்தவர் மொஹ்சென் சையித்ஸாதே என்ற மார்க்க அறிஞர். கும் நகரில் ஓதி, நீதிபதியாகவும் பணியாற்றியவர். பெண்கள் ஆண் பெயரில் ஒளிந்து எழுதிய வரலாறு நிறைய உண்டு. தலைப்பாகை கட்டிய ஓர் ஆலிம் பெண் பெயர்களில் எழுதவேண்டி வந்தது இங்கே நடந்தது. இவரோடு சேர்ந்து 1995-இல் கும் நகருக்குப் போய் உலமாக்களோடு நேருக்கு நேர் வாதிட்ட மானுடவியலாளர் ஸிபா மிர் ஹுசைனி, 1999-இல் வெளியிட்ட நூலில் அந்த உரையாடல்களை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

இன்னொரு முனையில் மெஹ்ராங்கிஸ் கார் எழுதினார். வழக்கறிஞரான அவர் மார்க்கத்துக்கு விளக்கம் சொல்ல முனையவில்லை. குடும்பச் சட்டத்தையும் தண்டனைச் சட்டத்தையும் பிரிவு பிரிவாக எடுத்து, ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வாழ்வில் என்ன செய்கிறது என்று காட்டினார். கொலைக்கும் காயத்துக்கும் ஈடாகத் தரப்படும் ரத்தப் பணத்தில், ஆணுக்குரியதில் பாதிதான் பெண்ணுக்கு. அவள் சாட்சியம் ஏற்கப்படும் வழக்குகளிலும் இரண்டு பெண்கள் ஓர் ஆணுக்குச் சமம். விவாகரத்து கேட்க அவள் காரணம் நிறுவ வேண்டும், அவன் வேண்டியதில்லை. பிரிந்தபின் ஆண் குழந்தை அன்று இரண்டு வயது வரைதான் தாயிடம். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத பெண்களும் இந்தப் பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். 1992-இல்தான் வழக்கறிஞர் உரிமம் பெற முடிந்த ஷிரின் எபாதியும் இவ்விதழில் எழுதினார்.

இவற்றோடு மேலைநாட்டுப் பெண்ணிய எழுத்தாளர்களான மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், வர்ஜீனியா வுல்ஃப், சிமோன் த பொவ்வார் ஆகியோரின் எழுத்துகளும் அறிமுகங்களும் வந்தன. எட்டாண்டுப் போரிலும் தணிக்கையிலும் மூடிக்கிடந்த ஒரு நாட்டில், ஓர் இதழின் ஒரு பக்கத்தில் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விளக்கமும் மறு பக்கத்தில் பொவ்வாரும் இருந்ததை மிகத் துணிச்சலான ஆசிரியர் முடிவாகவே கொள்ளவேண்டும். யாரையும் வெளியே நிறுத்தாததால்தான் இதழ் எல்லாத் தரப்பாலும் படிக்கப்பட்டது; அதனாலேயே எல்லாத் தரப்பும் அதை ஐயத்தோடு பார்த்தது.

நாடு விட்டுப் போன ஈரானியப் பெண்ணியலாளர்களிடையே இந்த அணுகுமுறை பெரும் சர்ச்சையாயிற்று. வரலாற்றாளர் அஃப்சானே நஜ்மாபாதி 1994-இல் லண்டனில் ஆற்றிய உரையில், மதச்சார்புள்ள பெண்களும் மதச்சார்பற்ற பெண்களும் பேசிக்கொள்ள ஜனான் வழி திறந்திருக்கிறது என்று வரவேற்றார். ஹைதே மொகிஸ்ஸி போன்றோர் இதை ஏற்கவில்லை. மார்க்க வரம்புக்குள் நின்று கேட்கும் உரிமை அந்த வரம்பையே உறுதிப்படுத்தும், ஆட்சிக்கு நல்ல முகம் தரும் என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் கணவனின் கையெழுத்து இல்லாமல் நாடு தாண்ட முடியாத ஒரு பெண்ணுக்கு நாளைக்கே பயன்படும் வாதம் எது என்று பார்த்தால், ஜனான் தேர்ந்த வழியைக் குறை சொல்வது கடினம்.

நெருக்கடியின் வழிகள்

1997-இல் முகம்மது கத்தாமி குடியரசுத் தலைவராகத் தேர்வானபோது பெண்களின் வாக்கு அவர் வெற்றிக்குப் பெரிய காரணம். தேர்தலுக்கு முன் ஜனான் இதழுக்கு அவர் பேட்டி கொடுத்திருந்தார். பத்திரிகைகள் பெருகின. ஆனால் நாடாளுமன்றம் இன்னும் பழைமைவாதிகள் கையில்தான் இருந்தது. 1998-இல் பத்திரிகைச் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்தது: சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் புறம்பாகப் பெண்ணுரிமையை ஆதரித்து ஆண் பெண்ணிடையே பகை மூட்டும் எழுத்துக்குத் தடை. எது புறம்பு என்பதைத் தீர்மானிப்பவர் நீதிபதி. ஒரு கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ஆசிரியரின் மனத்தில் இந்த வரி வந்து நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அதே ஆண்டு ஆண், பெண் நோயாளிகளுக்கு மருத்துவ வசதிகளைத் தனித்தனியே பிரிக்கும் மசோதா வந்தது. அதை எதிர்த்து ஒரு நாளேட்டில் சையித்ஸாதே தம் சொந்தப் பெயரில் எழுதினார். ஜூன் மாதம் கைதானார். ஐந்து மாதச் சிறைக்குப் பின் வெளியே வந்தபோது அவருடைய ஆலிம் உடை பறிக்கப்பட்டிருந்தது; எழுதவும் தடை. பெண் பெயர்களில் எழுதியவரை ஆறு ஆண்டு விட்டுவைத்தவர்கள், தன் பெயரில் எழுதியவுடன் தண்டித்தார்கள்.

முன்னாள் குடியரசுத் தலைவர் ரஃப்சஞ்சானியின் மகள் ஃபாயிஸா ஹாஷெமி 1998-இல் ‘ஜன்’ என்ற நாளேட்டைத் தொடங்கினார். அது ஓராண்டுகூட நிற்கவில்லை. மூடலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ஒரு கேலிச்சித்திரம். துப்பாக்கிக்காரன் ஒரு தம்பதியைக் குறிவைக்கிறான். கணவன் மனைவியைக் காட்டி, இவளைச் சுடு, ரத்தப் பணம் குறைவு என்கிறான். மெஹ்ராங்கிஸ் கார் பக்கம் பக்கமாக எழுதி விளக்கியதை ஒரே சட்டகத்தில் சொன்ன சித்திரம் அது.

2000 ஏப்ரலில் பெர்லினில் ஹைன்ரிஷ் பொல் அறக்கட்டளை நடத்திய மாநாட்டில் ஷெர்கத்தும் காரும் கலந்துகொண்டார்கள். நாடு திரும்பியதும் அதற்காக வழக்கு. காருக்கு நான்கு ஆண்டு என்ற தீர்ப்பு மேல்முறையீட்டில் ஆறு மாதமானது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளிநாடு போன அவர், பின்னர் அங்கேயே தங்க நேர்ந்தது. ஷெர்கத்துக்கு நான்கு மாதம் என்று தீர்ப்பானது. அதே ஏப்ரலில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சீர்திருத்த ஏடுகள் மூடப்பட்டன. ஜனான் தப்பியது. 2005-இல் சர்வதேசப் பெண்கள் ஊடக அறக்கட்டளையின் துணிச்சல் விருது ஷெர்கத்துக்குக் கிடைத்தது.

மூடலும் அதன் பின்பும்

2005-இல் மஹ்மூத் அஹ்மதிநெஜாத் பதவிக்கு வந்தபின் காற்று முற்றிலும் மாறியது. 2006 ஜூன் 12 அன்று டெஹ்ரானின் ஹஃப்தே தீர் சதுக்கத்தில் சமத்துவம் கேட்டுக் கூடிய பெண்களைக் காவல்துறை அடித்துக் கலைத்து, ஏறத்தாழ 70 பேரைக் கைது செய்தது. இரண்டு மாதம் கழித்து, பாரபட்சமான சட்டங்களை மாற்றக் கோரும் பத்து லட்சம் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. நூஷின் அஹ்மதி குராசானி, பர்வீன் அர்தலான் போன்றோர் முன்னின்ற இவ்வியக்கத்தின் தொண்டர்கள் பூங்காவிலும் பேருந்திலும் பெண்களோடு பேசிக் கையெழுத்து வாங்கினார்கள். அதற்காகப் பலர் சிறை சென்றார்கள். அவர்கள் கையில் இருந்த துண்டுப் பிரசுரம் ரத்தப் பணம், சாட்சியம், விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு என்று வரிசையிட்டது. ஜனான் வாசகர்களுக்குப் பழக்கமான வரிசை அது.

2008 ஜனவரி 28 அன்று கண்காணிப்பு வாரியம் ஜனான் உரிமத்தை ரத்து செய்தது. இஸ்லாமியக் குடியரசில் பெண்களின் நிலையை இருட்டாகக் காட்டுகிறது, வாசகர்களின் மனநலத்துக்கு ஊறு செய்கிறது, சமூகத்தின் மன அமைதியைக் குலைக்கிறது என்பன குற்றச்சாட்டுகள். பதினாறு ஆண்டு வெளிவந்த இதழை நிறுத்த ஒரு நிர்வாகக் குழுவின் முடிவே போதுமாயிருந்தது.

அதே ஆண்டு, முதல் மனைவியின் சம்மதமின்றி இரண்டாம் திருமணம் செய்ய வழிவிடும் பிரிவோடு குடும்ப மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, மதச்சார்புள்ள பெண்களும் மதச்சார்பற்ற பெண்களும் சேர்ந்தே உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். அப்பிரிவு அப்போதைக்குக் கைவிடப்பட்டது. பதினாறு ஆண்டு ஒரே இதழில் பேசிப் பழகியிருக்காவிட்டால் அந்தக் கூட்டணி அவ்வளவு விரைவில் அமைந்திருக்காது என்றே கருத இடமுண்டு.

2014-இல் ஷெர்கத் ‘ஜனானே எம்ரூஸ்’ என்ற பெயரில் மீண்டும் இதழ் தொடங்கினார். நிக்காஹ் இன்றிச் சேர்ந்து வாழும் இளையோரைப் பற்றி அது ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அந்த வாழ்க்கையை ஊக்குவிப்பதாகக் கூறி 2015 ஏப்ரலில் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டங்களில் என்ன மாறியது

பெண்ணின் திருமண வயது 2002-இல் 13 ஆனது. நீதிமன்ற அனுமதியோடு அதற்குக் கீழும் நடத்தலாம். ஆண் குழந்தையும் ஏழு வயது வரை தாயிடம் இருக்கலாம் என்று 2003-இல் முடிவானது. விபத்துக் காப்பீட்டில் ரத்தப் பணம் 2008-இல் சமமாக்கப்பட்டது. கணவன் விட்டுச்சென்ற நிலத்தின் மதிப்பிலும் மனைவிக்குப் பங்கு என்பது 2009-இல் வந்தது. வெளிநாட்டவரை மணந்த ஈரானியப் பெண்ணின் பிள்ளைகள் குடியுரிமை பெற 2019-இல் வழி திறந்தது.

கடவுச்சீட்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவோ அசையவில்லை. மணமான பெண் நாட்டை விட்டு வெளியே போகக் கணவனின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்கிற இந்தச் சட்டம் புரட்சி கொண்டுவந்தது அல்ல. 1973-இல், மன்னராட்சியில் வந்தது. இந்த விதியை எதிர்த்து செனட் உறுப்பினர் பதவியைத் துறந்தவர் மெஹ்ராங்கிஸ் மனுச்செஹ்ரியான் என்ற வழக்கறிஞர். அந்த ஆட்சியின் சட்டங்கள் பலவற்றைத் தூக்கி எறிந்த புரட்சி, இதை அப்படியே வைத்துக்கொண்டது. 2015-இல் ஈரானியப் பெண்கள் ஃபுட்சால் அணித்தலைவி நிலூஃபர் அர்தலான், ஆசியக் கோப்பைக்காக மலேசியா செல்லத் தயாராக இருந்தார். கணவர் கையெழுத்திட மறுத்தார். அணி அவர் இல்லாமலேயே விமானம் ஏறியது.